மண்வெட்டியை எப்போது கீழே வைப்பது

1667ஆம் ஆண்டு ஜூன் மாதம் டச்சுப் போர்க்கப்பல்கள் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து, அங்கே நின்றிருந்த ஆங்கிலக் கப்பல்களுக்குத் தீ வைத்தன. இலண்டன் கதிகலங்கிப் போனது. கடற்படை நிர்வாகத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த சாமுவேல் பெப்பீஸ், கையிலிருந்த பொற்காசுகளை மனைவியிடமும் அப்பாவிடமும் கொடுத்துக் கிராமத்து வீட்டுக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் போய்த் தோட்டத்தில் புதைத்தார்கள். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில். எத்தனை கண்கள் பார்த்திருக்குமோ என்று பெப்பீஸ் தன் நாட்குறிப்பில் குமுறியிருக்கிறார்.

போர் ஓய்ந்த பிறகு, அக்டோபர் 10ஆம் தேதி இரவு விளக்கை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார்கள். எந்த இடம் என்பதில் புதைத்தவர்களுக்கே குழப்பம். கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து ஒருவழியாகக் கண்டுபிடித்தால், அரையடி ஆழம்கூட இல்லை. ஈரத்தில் பைகள் இற்றுப்போய்க் காசெல்லாம் மண்ணோடு கலந்து கிடந்தது. அப்பாவுக்குக் காது மந்தம். அவருக்குக் கேட்கும்படி பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்டுவிடும். எண்ணிப் பார்த்தபோது நூறு காசுகளுக்கு மேல் குறைந்தது. நள்ளிரவில் மண்ணை வாளி வாளியாக அள்ளிப்போய் அலசிச் சலித்து 45 காசுகள் எடுத்தார்கள். மறுநாள் காலையில் இன்னும் 34. அப்படியும் இருபது முப்பது காசுகள் கணக்கில் வரவில்லை.

புதையல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தக் கதைதான். பெப்பீஸ் உயிரோடு இருந்தார். புதைத்தவர்களும் கூடவே இருந்தார்கள். நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அப்படியிருந்தும் கொஞ்சம் மண்ணோடு போயிற்று. அப்படியானால் திரும்பி வர முடியாமலே போனவர்கள் எத்தனை பேர்? படை வருகிறது என்று கேள்விப்பட்டு, இருட்டில் ஒரு மரத்தடியில் பானையைப் புதைத்து, அடையாளத்துக்கு ஒரு கல்லை வைத்துவிட்டு ஓடியவர்கள். மகனிடம் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லும் முன்பே இறந்துபோனவர்கள். வங்கி இல்லாத காலத்தில் மண்தான் பெட்டகம். கிறிஸ்துவுக்குப் பின் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரோமப் பேரரசு ஆட்டம் கண்டது. அந்தக் காலத்து நாணயக் குவியல்கள் ஐரோப்பா முழுக்க அவ்வளவு கிடைக்கின்றன. நாம் புதையல் என்று மகிழ்ந்து சொல்வதில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் திரும்ப எடுக்க வராமல் போனதால் மிஞ்சியது. இதை மனதில் வைத்துக்கொண்டால் தோண்டுகிற கை தானாகவே கொஞ்சம் நிதானப்படும்.

நான் மெட்டல் டிடெக்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு வயல்களிலும் கடற்கரையிலும் நடக்கிறவன். பொழுதுபோக்கு என்று சொல்லிக்கொண்டாலும், வாரம் முழுக்க மனம் அதிலேயேதான் இருக்கும். யார் பார்த்தாலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஏதாவது கிடைத்ததா?" கிடைத்தது. பொத்தான்கள், குதிரை லாடத்து ஆணிகள், ஈயக் குண்டுகள், பெல்ட் கொக்கிகள், பால் டப்பா மூடிகள், தேய்ந்து மொழுமொழுவென்று ஆன செப்புக் காசுகள். இதெல்லாம் எனக்கு ஏன் போதுமானதாக இருக்கிறது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கூடவே, இந்த வேட்டையில் கண்டுபிடிப்பதைவிடப் பெரிய திறமை நிறுத்தத் தெரிவது என்று நான் நம்புவதையும்.

முதலில் கருவி. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிவிட்ட குண்டைத் தேடுவதற்காக அலெக்சாண்டர் கிரகாம் பெல் அவசர அவசரமாக ஒரு மின்காந்தக் கருவி செய்தார். சோதனைகளில் அது வேலை செய்தது. நோயாளியிடம் செய்யவில்லை. கட்டில் மெத்தையிலிருந்த எஃகுக் கம்பிகள் ஒரு பக்கம் குழப்பின. தலைமை மருத்துவர் உடலின் வலப்பக்கத்தை மட்டும்தான் தேடவிட்டார், குண்டோ இடப்பக்கம் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் போலந்து நாட்டுப் பொறியாளர் யோசெஃப் கொசாட்ஸ்கி கண்ணிவெடி தேடும் கருவியை வடிவமைத்தார். 1942இல் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. போர் முடிந்ததும் படைகள் கழித்துக்கட்டிய இத்தகைய கருவிகளை வாங்கி வயலில் நடந்தவர்கள்தான் இந்தப் பொழுதுபோக்கின் முன்னோர்கள்.

வேலை செய்யும் விதம் எளிமையானது. கோலின் நுனியிலுள்ள தட்டுக்குள் கம்பிச் சுருள்கள், அதாவது காயில்கள், இருக்கின்றன. ஒன்றில் நொடிக்குப் பல ஆயிரம் முறை திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்குகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறு மின்சுழல்கள் கிளம்பி, அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. இன்னொரு காயில் அதைக் கேட்டுவிடுகிறது. போன அலைக்கும் வந்த அலைக்கும் இடையே எவ்வளவு தாமதம் என்பதை வைத்து, அது இரும்பா, செம்பா, வெள்ளியா என்று கருவி ஊகிக்கிறது. இரும்புக்குக் கரகரத்த தாழ்ந்த ஒலி. நல்ல வெள்ளிக் காசுக்குச் சுத்தமான உச்ச ஒலி.

தங்கத்தின் கதை வேறு. மெல்லிய மோதிரத்தின் சிக்னல் அலுமினியத் தாளின் சிக்னலோடும், குளிர்பானக் குவளையை இழுத்துத் திறக்கும் வளையத்தின் சிக்னலோடும் ஒன்றாகவே விழும். குப்பையைத் தோண்ட மாட்டேன் என்று முடிவு செய்து அந்த ஒலிகளைக் கருவியில் அடைத்துவிட்டால் தங்கமும் அடைபட்டுப் போகும். எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் இதை முழுமையாகத் தீர்த்துவிடவில்லை. ஆழமும் அப்படித்தான். நடுத்தர காயிலுக்கு ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்தில் கிடந்தால் நன்றாகக் கேட்கும். அதற்குக் கீழே போகப் போகச் சந்தேகம்தான். பத்தடிக்குக் கீழே பொற்குடம் காட்டும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். தாதுக்கள் நிறைந்த செம்மண், கடலோர ஈரமணல் இரண்டும் கருவியைப் பிதற்ற வைக்கும். அதற்கேற்பக் கருவியைச் சரிசெய்துகொள்ளக் காது பழக வேண்டும்.

காது என்று சொன்னது சும்மா இல்லை. இது கண்ணால் தேடும் வேட்டை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். உண்மையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, காயிலைத் தரையோடு ஒட்டிச் சீராக வீசி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் மேல் பாதி ஏறும்படி மெதுவாக நடக்க வேண்டும். வேகமாக நடந்தால் போச்சு. ஒரு திசையிலிருந்து கேட்கும் சிக்னலை, தொண்ணூறு பாகை திரும்பி நின்று மறுபடி கேட்பேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஒலித்தால் உருண்டையாக ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஒரு பக்கம் ஒலித்து மறுபக்கம் உடைந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி.

புல்தரையாக இருந்தால் வட்டமாக வெட்டி எடுப்பதில்லை. மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தை விட்டுவிட்டு, புத்தக அட்டையைத் திறப்பதுபோல மண்கட்டியைப் புரட்ட வேண்டும். வேர் அறாமல் இருந்தால் திரும்ப மூடி மிதித்ததும் புல் பிழைத்துக்கொள்ளும். புரட்டிய கட்டியின் அடிப்பக்கத்தில் ஒருமுறை பச்சையாக ஒரு வில்போன்ற கோடு தெரிந்தது. செம்பு களிம்பேறினால் வரும் பச்சை, இலையின் பச்சையோடு ஒட்டாது. கண்ணுக்கு உடனே தனித்துத் தெரியும். விரலால் சுற்றியுள்ள மண்ணைத் தளர்த்தியதும் காசு தானாகவே கழன்று வந்தது. அது இருந்த இடத்தில் மண்ணில் அதன் அச்சு அப்படியே பதிந்திருந்தது. முகம், அதைச் சுற்றி எழுத்துகள், எல்லாம் இடவலம் மாறி. காசில் களிம்பேறி மங்கிப்போன ஓர் எழுத்தைக்கூட அந்த மண்ணச்சில் படிக்க முடிந்தது. தேய்த்துப் பார்க்கக் கை பரபரக்கும் நேரம் அது. தேய்க்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மணல் ஒவ்வொன்றும் உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். பச்சைக் களிம்பின் மேற்பரப்பில்தான் விவரங்கள் நிற்கின்றன. அதைச் சுரண்டினால் அடியில் வெறும் செம்புதான். பஞ்சு வைத்த டப்பாவில் வைத்து, கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு எழுந்துவிட வேண்டும்.

வயலில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். பழைய நில வரைபடங்கள், சந்தை கூடிய இடங்கள், ஓடத்துறைகள், திசை மாறிப்போன ஆற்றின் பழைய படுகை, ஊர்ப் பெரியவர்களின் பேச்சு. இவற்றில் பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன். ஜெர்சி தீவில் ரெஜ் மீட், ரிச்சர்ட் மைல்ஸ் என்ற இரண்டு நண்பர்கள், ஒரு வயலில் முன்னொரு காலத்தில் காசுகள் கிடைத்தன என்ற தகவலைப் பிடித்துக்கொண்டு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேடினார்கள். தினமும் அல்ல. விளைச்சல் எடுத்த பிறகு, நிலத்துக்காரர் அனுமதித்த கொஞ்ச நேரம் மட்டும். 2012இல் அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 70,000 நாணயங்களும் பொன் அணிகளும் ஒரே கட்டியாக இறுகிய ஒரு புதையல், பெரும்பாலும் கெல்டிக் மக்களின் காசுகள். கண்ணில் பட்டதும் அவர்கள் தோண்டுவதை நிறுத்தித் தகவல் கொடுத்துவிட்டார்கள். கட்டியை உடைக்காமல் அப்படியே தூக்கி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். அதன் பிறகு சில ஆண்டுகள், ஒவ்வொரு காசும் எந்த நிலையில் இருந்தது என்று பதிவு செய்தபடி ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். முப்பது ஆண்டு காத்திருந்த ஆசை கைக்கெட்டியதும் நின்றது என்பதுதான் எனக்கு அதில் பெரிய விஷயம்.

இதே குணத்தை இன்னும் அழகாகக் காட்டிய நிகழ்வு 1992 நவம்பர் 16ஆம் தேதி நடந்தது. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற ஊர். பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த நண்பர் எரிக் லாஸைத் தேடித்தரச் சொன்னார். சுத்தியலைத் தேடிப்போனவருக்கு வெள்ளிக் கரண்டிகளும் பொற்காசுகளும் வரிசையாக வர ஆரம்பித்தன. கொஞ்சம் எடுத்ததுமே இது தன் கையால் தோண்ட வேண்டியது அல்ல என்று லாஸ் புரிந்துகொண்டார். காவல்துறைக்கும் நில உரிமையாளரான உள்ளாட்சி நிர்வாகத்துக்கும் சொன்னார்கள். மறுநாளே தொல்லியலாளர்கள் வந்து முறைப்படி அகழ்ந்தார்கள்.

கிடைத்தவை ஏறத்தாழ 15,000 ரோம நாணயங்களும் 200 அளவில் பொன், வெள்ளிப் பொருட்களும். மதிப்பு 17.5 லட்சம் பவுண்டு. ஆனால் அந்த எண்ணைவிட எனக்குப் பிடித்தவை வேறு. பெரிய மரப்பெட்டி ஒன்று. மரம் மக்கிப்போயிருந்தாலும் அதன் அளவை ஊகிக்க முடிந்தது. அதற்குள் எலும்புத் துண்டுகள் பதித்த சிறு பெட்டிகள், வெள்ளிப் பூட்டுகள். கிண்ணங்களுக்கு நடுவே வைக்கோல் வைத்துக் கட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் அவசரமில்லாமல், பொருள் நசுங்கக் கூடாது என்று அக்கறையோடு அடுக்கியிருக்கிறார். ஒரு பொன் வளையலில் யூலியானே என்று ஒரு பெண்ணின் பெயரும் அவருக்கான வாழ்த்தும் இருக்கின்றன. சீமாட்டி உருவத்தில் செய்த ஒரு வெள்ளிக் குப்பியும் உண்டு, மிளகுத்தூள் தூவுவதற்கு. அந்த மிளகு இந்தியக் கடற்கரையிலிருந்து போனது என்பதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும். லாஸ் இன்னும் அரைமணி நேரம் மண்வெட்டியை வீசியிருந்தால் பொன்னும் வெள்ளியும் அப்போதும் கிடைத்திருக்கும். பெட்டியும் வைக்கோலும் கிடைத்திருக்காது. தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

2010இல் சாமர்செட் பகுதியின் ஃப்ரோம் ஊருக்கு அருகே டேவ் கிறிஸ்ப் என்பவருக்கு ஒரு பானையின் வாய் தட்டுப்பட்டது. அவரும் அங்கேயே நிறுத்தினார். பானைக்குள் 52,503 ரோம நாணயங்கள். அகழ்ந்தவர்கள் காசுகளை மொத்தமாகக் கொட்டாமல் அடுக்கு அடுக்காக எடுத்தார்கள். அப்படி எடுத்ததால் ஒன்று தெரிந்தது. காலத்தால் பிந்திய கரௌசியஸ் மன்னனின் காசுகள் மேலே இல்லை, பானையின் நடுப்பகுதிக்கும் கீழே கிடந்தன. உண்டியலில் போடுவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருந்தால் புதிய காசு மேலே அல்லவா இருக்க வேண்டும்? ஆக, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டியிருக்கிறார்கள். பானையோ மெல்லியது; நிறைந்த பிறகு தூக்கினால் உடைந்துவிடும். முதலில் பானையைப் புதைத்துவிட்டுத்தான் காசுகளைக் கொட்டியிருக்க வேண்டும். அப்படியானால் திரும்ப எடுக்கும் எண்ணமே இல்லாமல், தெய்வத்துக்குக் காணிக்கையாகப் புதைத்ததாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நான் மேலே சொன்ன "திரும்பி வராதவர்கள்" என்ற கணக்கையே இந்த ஒரு பானை அசைத்துப் பார்க்கிறது. அது காசில் எழுதியிருந்த செய்தி அல்ல. எது மேலே, எது கீழே என்ற ஒழுங்கில் இருந்த செய்தி.

இதற்கு நேர்மாறான கதையையும் சொல்லியே ஆக வேண்டும். 2015இல் ஹெரிஃபோர்ட்ஷையரில் இரண்டு பேருக்கு, வடக்கிலிருந்து கடல்வழி வந்து தாக்கிய வைக்கிங்குகளின் காலத்துப் புதையல் ஒன்று கிடைத்தது. பொன் வளையம், காப்பு, பொன் சட்டமிட்ட படிக உருண்டை, கூடவே வெள்ளிக் காசுகள். அவர்கள் யாரிடமும் சொல்லாமல் விற்கத் தொடங்கினார்கள். அவர்களுடைய கைப்பேசியில் அழித்திருந்த படங்களை மீட்டுப் பார்த்தபோது 300 காசுகள் வரை இருந்திருக்கலாம் என்று தெரிந்தது. மீட்க முடிந்தது அதில் சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதியிலேயே அன்றைய ஆங்கில அரசுகளான வெசெக்ஸின் மன்னன் ஆல்ஃபிரெடும் மெர்சியாவின் மன்னன் இரண்டாம் கியோல்வுல்ஃபும் கூட்டாக வெளியிட்ட வகைக் காசுகள் இருந்தன. வெசெக்ஸ் தரப்பில் எழுதிய வரலாற்றுக் குறிப்புகள் கியோல்வுல்ஃபை வைக்கிங்குகளின் கைப்பாவை என்று ஒதுக்கித் தள்ளியவை. காசுகளோ இருவரும் சமநிலையில் நின்ற கூட்டாளிகள் என்கின்றன. ஒரு மன்னனின் பெயரை வரலாறு திருத்தி எழுதும் வாய்ப்பு அந்தக் குவியலில் இருந்தது. மற்ற காசுகள் எந்த ஒழுங்கில் கிடந்தன, எத்தனை வகை, எதுவும் இனித் தெரியாது. 2019இல் நீதிமன்றம் இருவரையும் நீண்ட சிறைவாசத்துக்கு அனுப்பியது. சொல்லியிருந்தால் சட்டப்படி பங்கு கிடைத்திருக்கும், பேரும் கிடைத்திருக்கும். எனக்குக் கோபம் வருவது அவர்கள் பணம் பார்த்ததற்காக இல்லை, அந்தக் குழியை அழித்ததற்காக.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே தெரிந்துகொள்ளாமல் கருவியைத் தூக்காதீர்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1996ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று தெரிந்த 14 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டால் சந்தை மதிப்புக்கு ஈடான தொகை தரப்படும், வழக்கமாக அது கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பிரியும். ஸ்காட்லாந்தில் கதையே வேறு, பழம்பொருள் அரசுடையது, நிலத்துக்காரருக்குப் பங்கு இல்லை. அயர்லாந்தில் உரிமம் இல்லாமல் டிடெக்டர் வைத்துப் பழம்பொருள் தேடுவதே குற்றம். பிரான்சிலும் முன்அனுமதி வேண்டும். இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது: பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவும் மண்ணில் கிடைத்தால் என்ன, எங்கே, எப்போது என்று ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இலங்கையில் அனுமதியின்றி பழம்பொருள் தேடித் தோண்டினாலே தண்டனை. எந்த நாடாக இருந்தாலும் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தில் கால் வைக்கக் கூடாது. சரி, இதெல்லாம் கெடுபிடி என்று சிலர் சலித்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுமதி கேட்கப் போகும்போது நிலத்துக்காரரோடு ஏற்படும் பேச்சிலேயே நிலத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். கிடைப்பதை எப்படிப் பங்கிடுவது என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்திட்டுக்கொண்டால் நட்பும் கெடாது.

வெடிபொருள் பற்றியும் ஒரு வார்த்தை. போர் நடந்த மண்ணில் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை நிஜமாகவே நடக்கும். துருப்பிடித்த உருளையாக ஏதாவது தென்பட்டால் தொடாமல், திருப்பிப் பார்க்காமல், இடத்தை விட்டு விலகிக் காவல்துறையைக் கூப்பிட வேண்டும். காந்தத்தைக் கயிற்றில் கட்டி ஆற்றில் வீசித் தேடுகிறவர்களுக்கு இது இன்னும் அவசியம். மேலே வருவது சைக்கிளா கைக்குண்டா என்று தண்ணீருக்கு வெளியே வந்த பிறகுதான் தெரியும்.

கடற்கரையில் தேடுவது எனக்கு வேறு காரணத்துக்காகப் பிடிக்கும். அங்கே தொலைத்தவர் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறார். ஒருமுறை ஒரு பெண்மணி அழைத்தார், அம்மாவின் மோதிரம், அலையில் கையை உதறியபோது கழன்றுவிட்டது என்று. கனமான பொருள் மணலில் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போகும், ஆகவே நேரம் முக்கியம். நீர் வற்றியதும் கரையில் குச்சிகளை ஊன்றி, கயிறு கட்டி, கட்டம் கட்டமாகப் பிரித்துத் தேடினேன். அவர் காட்டிய இடத்தில் இல்லை. பதற்றத்தில் இருப்பவர்கள் காட்டும் இடம் எப்போதும் கொஞ்சம் தள்ளியே இருக்கும், ஆகவே கட்டத்தைப் பக்கவாட்டில் நீட்டினேன். பொழுது சாயும் நேரத்தில் மங்கலாக, அலுமினியத் தாள் என்று ஒதுக்கிவிடக்கூடிய ஓர் ஒலி. மணலை அள்ளிச் சல்லடையில் ஆட்டியபோது மோதிரம் கம்பியில் தட்டிய சத்தம் அவருக்கும் கேட்டது. "கொஞ்சம் இருங்க, நானே எடுத்துக்கிறேன்" என்றார். சல்லடையை அவரிடம் நீட்டினேன்.

வீட்டில் உட்கார்ந்தே தேடும் புதையல்களும் உண்டு. யாரோ ஒருவர் வேண்டுமென்றே புதைத்துவிட்டு, புதிர்களைப் புத்தகமாகப் போடுவார். பிரான்சில் 1993இல் அப்படி ஒரு வெண்கல ஆந்தையைப் புதைத்தார்கள். பதினொரு புதிர்கள். அதை உருவாக்கியவர் 2009இல் இறந்தே போனார். ஆந்தை 2024 அக்டோபரில்தான் கிடைத்தது, 31 ஆண்டுகளுக்குப் பிறகு. அமெரிக்காவில் பைரன் பிரைஸ் 1982இல் வெவ்வேறு இடங்களில் 12 பேழைகளைப் புதைத்துப் படங்களும் பாடல்களுமாகப் புதிர் வெளியிட்டார். சிகாகோ, கிளீவ்லாந்து, பாஸ்டன் என மூன்றுதான் இதுவரை வெளியே வந்திருக்கின்றன. விடை சொல்ல அவர் இல்லை, 2005இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். புதைத்தவரே போன பிறகு இவையும் நிஜப் புதையலாகவே ஆகிவிட்டன.

இந்த வகையில் ஒன்று மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஃபாரஸ்ட் ஃபென் என்பவர் ராக்கி மலைத்தொடரில் ஒரு பேழையை ஒளித்துவிட்டு 2010இல் 24 வரிப் பாட்டு ஒன்றைத் துப்பாக வெளியிட்டார். 2020இல் வயோமிங் மாநிலத்தில் அது கிடைப்பதற்குள் குறைந்தது ஐந்து பேர் ஆற்றிலும் மலையிலும் உயிரை விட்டார்கள். வயதான ஒரு மனிதர் பேழையைச் சுமந்து போய் வைத்த இடம், ஆபத்தான இடமாக இருக்காது என்று அவரே சொல்லியும் ஆட்கள் நிற்கவில்லை. இன்னும் நாலடி, இன்னும் ஒரு பாறை என்று போனவர்கள். தோண்டுவதை நிறுத்தத் தெரிய வேண்டும் என்று நான் சொல்வதில் இதுவும் சேர்த்திதான்.

புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எந்தக் கருவி வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். நடுத்தர விலையில் எதை வாங்கினாலும் சரி, ஒரு வருடம் அதையே வைத்துப் பழகுங்கள் என்பேன். அதைவிட முக்கியமாக ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கிடைத்த ஒவ்வொன்றுக்கும் ஜிபிஎஸ் எண், ஆழம், பக்கத்தில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். பொத்தானுக்கும் எழுதுங்கள். இங்கிலாந்தில் 1997இல் தொடங்கிய பழம்பொருள் பதிவுத் திட்டத்தில் இப்படிச் சேர்ந்த பதிவுகள் 15 லட்சத்தைத் தாண்டிவிட்டன. பெரும்பகுதி என்னைப் போன்றவர்கள் கொடுத்தவை, பெரும்பகுதி சாதாரணப் பொருட்கள். பானை நிறையப் பொன் கிடைத்தவர்கள் அதில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் எந்தச் சாலை எப்போது புழக்கத்தில் இருந்தது, எந்த ஊரில் எப்போது பணப்புழக்கம் குறைந்தது என்று கேட்கும் ஆய்வாளர்களுக்கு அந்தப் பொத்தான்களும் தேய்ந்த காசுகளும்தான் பதில்.

உழவு ஒவ்வொரு வருடமும் மண்ணைக் கிளறிப் பொருட்களை மேலே கொண்டுவருகிறது, உடைக்கவும் செய்கிறது. உரங்களின் உப்பு செம்பை அரிக்கிறது. உழுத மண்ணில் கிடப்பதை எடுத்துப் பதிவு செய்வது அதைக் காப்பாற்றுவதற்குச் சமம். உழவின் கலப்பை எட்டாத ஆழத்தில், கலையாமல் கிடப்பதை அப்படியே விட்டுவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். கலப்பை ஆழம் வரை நான், அதற்குக் கீழே தொல்லியலாளர். என் எல்லைக் கோடு இதுதான்.

நான் பல வருடங்களாக நடக்கும் ஒரு வயல் இருக்கிறது. பொன் எதுவும் வரவில்லை. செப்புக் காசுகள், கொக்கிகள், லாட ஆணிகள், தைக்கும்போது போடும் ஒரு விரல்கவசம். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, மழை நாள் ஒன்றில் எல்லாவற்றையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்துப் பார்த்தேன். புள்ளிகள் வயல் முழுக்கச் சிதறியிருக்கவில்லை. வடகிழக்கு மூலையிலிருந்து குறுக்காக, லேசாக வளைந்த ஒரு பட்டையில் நெருங்கிக் கிடந்தன. இன்றைய எந்த வரைபடத்திலும் அங்கே பாதை இல்லை. ஆனால் ஆட்கள் நடந்திருக்கிறார்கள், குதிரைகள் போயிருக்கின்றன, நடக்கிறவர்கள் தொலைக்கும் பொருட்களைத் தொலைத்திருக்கிறார்கள். வரைபடத்தின் ஒரு பிரதியை அருங்காட்சியகத்தில் கொடுத்தேன், இன்னொன்றை நிலத்துக்காரரிடம். அவர் தாத்தா காலத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கல்தூண் இருந்ததாக நினைவு என்றார். பாதை அந்தப் பக்கம்தான் போகிறது. பக்கத்து வயல்காரரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். அறுவடை முடியட்டும், வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார்.